வில்லை வழியே வானம் – 9: கறையா, வானமா?

80 மில்லிமீட்டர் ரிஃப்ராக்டரை, அதாவது வில்லைத் தொலைநோக்கியை, மவுன்ட்டில் ஏற்றி, துருவ நட்சத்திரத்துக்கு நேராக்கியதோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் ஓரியன் நெபுலா என்று சொல்லியிருந்தேன். ஆனால் 1885-ல் பாரிஸில் எடுத்த ஒரு படம் என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் படம். ஓரியனுக்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாரிஸ் வானாய்வகத்தில் பால் ஹென்றி, புரோஸ்பர் ஹென்றி என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். சூரியப் பாதையை ஒட்டிய நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து வரைபடத்தில் குறிப்பது அவர்கள் வேலை. பால்வீதி குறுக்கிடும் பகுதிக்கு வந்ததும் நட்சத்திரங்களைக் குறித்து மாளவில்லை. புகைப்படத்துக்கு மாறினார்கள். அன்றைய புகைப்படத் தட்டுகள் நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும். அதற்கென்றே சீர்செய்த 33 சென்டிமீட்டர் வில்லையைத் தாங்களே தேய்த்து உருவாக்கினார்கள். (இந்த இருவரும் 14 சிறுகோள்களைக் கண்டுபிடித்தார்கள். எது யாருடையது என்று பங்கு பிரிக்க மனமில்லாமல் மாற்றி மாற்றிப் பெயர் போட்டுக்கொண்டார்கள். இன்றும் பட்டியலில் ஆளுக்கு ஏழு.)

1885 நவம்பர் 16 அன்று கார்த்திகையைப் படமெடுத்தபோது, மாயா என்ற நட்சத்திரத்தை ஒட்டிச் சுருளாக ஒரு மங்கலான ஒளி பதிந்திருந்தது. அதுவரை எந்தத் தொலைநோக்கியிலும் எவர் கண்ணிலும் படாத நெபுலா அது. டிசம்பரில் எடுத்த தட்டுகளிலும் அதே இடத்தில் அதே சுருள். அடுத்த ஆண்டு ரஷ்யாவின் புல்கோவோ வானாய்வகத்தில், 76 சென்டிமீட்டர் ரிஃப்ராக்டரில் அந்த இடத்தைக் குறிவைத்துத் தேடிக் கண்ணாலும் பார்த்துவிட்டார்கள்.

என்னை உலுக்கிய செய்தி இனிமேல்தான் வருகிறது. ஹென்றி சகோதரர்களுக்கு இரண்டு வாரம் முன்பே, நவம்பர் 3-ல், அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் கார்த்திகையைப் படமெடுத்திருக்கிறார்கள். அந்தத் தட்டிலும் மாயா அருகே தடம் விழுந்திருக்கிறது. தட்டில் ஏதோ குறை என்று நினைத்து விட்டுவிட்டார்கள்! பாரிஸ் செய்தி வந்த பிறகுதான் ஹார்வர்டு வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் அதை எடுத்துப் பார்த்துச் சொன்னார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு கறை எது, வானம் எது என்று எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பாரிஸ்காரர்கள் இதற்கு அருமையான வழி வைத்திருந்தார்கள். ஒரே தட்டில் மூன்று முறை ஒளி விட்டு, ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியை ஒரு துளி நகர்த்தினார்கள். நட்சத்திரம் என்றால் மூன்று புள்ளிகள் சேர்ந்த குட்டி முக்கோணமாக விழும். தூசி என்றால் ஒற்றைப் புள்ளிதான்.

இன்று நாம் டிதரிங் என்று செய்வது இதே தந்திரம்தான். நீங்கள் எடுத்த ஒரு ஃப்ரேமைக் கணினியில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கூர்மையாக, ஒரே ஒரு பிக்சலில், அப்பட்டமான சிவப்பிலோ பச்சையிலோ புள்ளிகள் தெரியும். அவை சென்சாரின் குறை. நட்சத்திரம் நாலைந்து பிக்சல்களில் பரவி, ஓரம் மங்கி நிற்கும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தொலைநோக்கியைச் சில பிக்சல் தூரம் நகர்த்துங்கள். பிறகு நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்கினால், சென்சாரின் புள்ளிகள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில் விழும். மென்பொருள் அவற்றைக் கழித்துவிடும். கைடு கேமரா இருந்தால் பி.எச்.டி.2 மென்பொருள் தானாகவே நகர்த்தும். இல்லாவிட்டால் ஹேண்ட் கன்ட்ரோலரில் ஒரு தட்டு தட்டினால் போதும். சோம்பல்பட்டு இதை விடாதீர்கள்.

ரிஃப்ராக்டர்காரர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. கார்த்திகையின் பிரகாசமான நட்சத்திரங்கள் எல்லாம் கொதிக்கும் நீல வகை. விலை குறைந்த அக்ரோமேட் வில்லையில் நீலமும் ஊதாவும் ஒரே இடத்தில் குவியாது. ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் நீல வளையம் விழும். பார்ப்பதற்கு நெபுலா போலவே இருக்கும். வளையம் வட்டமாக, எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே மாதிரி இருந்தால் அது வில்லையின் வேலை. கார்த்திகையிலுள்ள மெரோப் நட்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு பக்கமாக, கோடு கோடாக இழுபட்டிருந்தால் அது நிஜமான தூசி மேகம். நிறங்களை ஒன்றாகக் குவிக்கும் இ.டி. கண்ணாடி வில்லைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்த ஒரு படத்துக்கே தகும்.

அந்த மெரோப் மேகத்தை முதலில் கண்டவர் வில்ஹெல்ம் டெம்பல். பட்டம் பெறாத லித்தோகிராஃப் தொழிலாளி. 1859 அக்டோபர் 19 அன்று, வெனிஸ் நகரில் ஒரு மாளிகையின் சுழல் படிக்கட்டிலிருந்து, நாலு அங்குல ரிஃப்ராக்டரில் பார்த்தார். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் கறை போல இருந்தது என்றார். வால்நட்சத்திரமோ என்று நினைத்தவர், மறுநாளும் பார்த்து, நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பெரிய தொலைநோக்கி வைத்திருந்த பலர் அதைக் காணாமல், அப்படி ஒன்று இல்லை என்றே வாதாடினார்கள். அவர்களுடைய பார்வைப் புலம் குறுகலானது. மேகம் அதையே முழுக்க நிரப்பிவிட்டால் ஓரம் எங்கே தெரியும்? கார்த்திகை வானில் நாலு நிலா அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. அதற்குச் சின்ன ரிஃப்ராக்டர்தான் சரி.

கடைசியாக, நாள் குறிக்கும் விஷயம். கார்த்திகை தீபத்தன்று படமெடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அன்று முழுநிலா கார்த்திகைக்குப் பக்கத்திலேயே நிற்கும். தூசி மேகம் சுத்தமாக மறைந்துபோகும். கார்த்திகை மாத அமாவாசையைப் பெரும்பாலும் மழை கொண்டுபோய்விடும். மார்கழி, தை அமாவாசைகளை நம்பலாம். மார்கழியில் வில்லையில் பனி இறங்கும்; டியூ ஹீட்டர் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று நிமிட ஃப்ரேம்களாக மொத்தம் மூன்று மணி நேரமாவது சேர்த்துவிடுங்கள். ஓரியன் அடுத்த வாரம்.

(தொடரும்)