வாசலில் நின்றுபோன ஒப்பாரி

சாவு வீட்டில் இப்போது முதலில் காதில் விழும் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்பதுதான். குளிர்பெட்டி வந்துவிடுகிறது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறிவிடுகிறது. யாரோ பாடிப் பதிந்த ஒப்பாரி ஸ்பீக்கரில் ஓடுகிறது. வந்தவர்கள் கண்ணாடி மேல் மாலையை வைத்துவிட்டு நாற்காலி தேடுகிறார்கள். வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இழவு கேட்டு வரும் பெண்கள் தெரு திரும்பும்போதே குரலெடுப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். நாலைந்து பேர் வட்டமாகக் குந்தி, தோளில் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து அசைந்து அழுவார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் இழுத்துச் சேர்ந்துகொள்வார்கள். செத்தவரை முறை சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் வெட்டிய கிணறும் வளர்த்த மாடும் பாட்டில் வரும். அதோடு நிற்காது. அப்பன் போனபின் பிறந்த வீட்டுப் படி ஏற முடியுமா என்ற பயம் வரும். அண்ணன் செய்யாத சீர், மாமியார் போட்ட பழி, புருஷன் கை நீட்டியது எல்லாம் ஊர் முன்னால் வெளியே வரும். மற்ற நாளில் சொன்னால் வாயாடி என்பார்கள். ஒப்பாரியில் சொன்னால் யாரும் வாயை அடைக்க மாட்டார்கள்.

கொள்ளி வைப்பது, குடம் உடைப்பது, மொட்டை போடுவது எல்லாம் ஆண்களுக்கு. பெரும்பாலான ஊர்களில் பெண்கள் தெருமுனை வரைதான். வாசல் ஒன்றுதான் அவர்களுக்கென்று இருந்தது. சடங்கைச் சுருக்கியபோது நாம் முதலில் கைவைத்தது அந்த இடத்தில்தான்.

அழுகைக்கு நம் மரபில் மரியாதை உண்டு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையையும் வைத்து, அதற்கான நான்கு காரணங்களில் ஒன்றாக இழவைச் சொல்கிறது. புறநானூற்றில் பாரியை இழந்து கபிலரும் அழுகிறார், பாரி மகளிரும் அழுகிறார்கள். துணையை இழந்த ஒருத்தி, தானும் உடன் அடங்கும்படி ஈமத்தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவனிடம் கேட்கிறாள். அவளை யாரும் 'அழாதே' என்று அடக்கவில்லை.

ஒப்பாரியே நடிப்பு, ஒடுக்கப்பட்டவர்களைப் பறையடிக்கவும் அழவும் ஏவிய சாதிக் கொடுமையும் அதில் உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டாயம் ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஒழிந்தது எது? ஒப்பாரி நாகரிகமில்லை என்று நிறுத்திய எத்தனையோ வீடுகளில், பொட்டை அழித்து வளையலை உடைத்துத் தாலியை வாங்குவது மட்டும் நிற்கவில்லை. பெண்ணை அவமானப்படுத்தும் சடங்கை வைத்துக்கொண்டு, அவளைப் பேசவிட்ட சடங்கைத் தூக்கி எறிந்திருக்கிறோம். இது பெரும் அநியாயம்.

துக்கம் கேட்கப் போகிறவர்களே, பெட்டியின் மூடியைக் கொஞ்ச நேரம் திறக்கச் சொல்லுங்கள், இழந்தவள் தொட்டு அழட்டும். கருமாதி முடிந்து பந்தல் பிரித்த பிறகும் ஒரு நாள் போய், அவள் பேசி முடிக்கும்வரை கூட உட்கார்ந்திருங்கள்.