வாடகைக் கார் சாவி கைக்கு வருமுன்: ஆப்பிரிக்காவின் தென்கோடியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்கும் தமிழ்நாட்டுப் பயணிக்கு எல்லாமே பழகியதாகத் தோன்றும். ஸ்டீயரிங் வலப்பக்கம், வண்டி ஓடுவது இடப்பக்கம். நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, மொசாம்பிக்கிலும் அப்படித்தான். அங்கோலா மட்டும் வலப்பக்கம். அந்தத் தைரியத்தில்தான் பலர் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கவுன்ட்டரில் சொல்லும் 'முழு காப்பீட்டில்' டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. வேறு வண்டி மோதாமல் தானாகக் கவிழ்ந்தால் பணம் கிடையாது என்று எழுதியிருப்பதும் உண்டு. நமீபியாவுக்குப் போகிறவர்கள் அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். அங்கே பெரும்பாலான சாலைகள் தார் காணாத சரளைச் சாலைகள். சட்டம் அவற்றில் 100 கி.மீ. வேகம் வரை விடுகிறது. வாடகை நிறுவனங்கள் பல 80-க்கு மேல் போகக் கூடாது என்கின்றன. இதில் நிறுவனங்கள் பக்கம்தான் நியாயம். வளைவில் சட்டென்று பிரேக் அடித்தால் டயர் கல்லின் மேல் வழுக்கும், பின்பக்கம் விலகும், பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி புரளும். சோசஸ்ஃப்ளே மணல்மேடுகளுக்குப் போகும் வழியில் செஸ்ரியம் வாசலிலிருந்து 60 கி.மீ. நல்ல தார் ரோடு. கடைசி 5 கி.மீ. சக்கரம் புதையும் மணல். சாதாரணக் காரை அங்கேயே நிறுத்திவிட்டு, ஆளேற்றிச் செல்லும் ஜீப்பில் போய்வரலாம்.

எல்லை தாண்ட வாடகை நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் ஓராண்டு செல்லுபடியாகும் பன்னாட்டு அனுமதியையும் எடுத்துச் செல்வது நல்லது. போட்ஸ்வானாவில் கோமாரி நோய்த் தடுப்புச் சாவடிகளில் பச்சை இறைச்சியைப் பறிமுதல் செய்வார்கள். செருப்பைக்கூட மருந்து நீரில் மிதிக்கச் சொல்வார்கள். வாதாடிப் பயனில்லை.

இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டாமல் இருப்பது உத்தமம். வேலியில்லாத சாலையில் மாடும் கழுதையும் படுத்திருக்கும்.

நகரத்தில் அபாயம் வேறு வகை. 2023 ஆகஸ்டில் கேப் டவுனில் மினிபஸ் டாக்சி வேலைநிறுத்தம் நடந்தபோது, விமான நிலையம் அருகே வழி தவறி நியாங்கா பகுதிக்குள் போன பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில், க்ரூகர் தேசியப் பூங்காவின் நும்பி வாசலுக்குப் போகும் சாலையில் ஜெர்மானியப் பயணி ஒருவருக்கும் அதே கதி. கைபேசி வரைபடம் கிட்டத்து வழியைக் காட்டும். பத்திரமான வழியைக் காட்டும் என்ற உறுதி இல்லை. தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு பெரிய சாலையிலேயே போவது நல்லது. சிக்னலில் நிற்கும்போது கைப்பையும் போனும் இருக்கையில் கிடந்தால் கண்ணாடியை உடைத்து எடுத்துப் போய்விடுவார்கள்.

போலீஸ் உடையில் திருடர்களும் வருவதுண்டு. நீல விளக்கு மின்னும் வண்டி தனியான இடத்தில் மறித்து, சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, 'பின்னால் வாருங்கள்' என்று கையால் சைகை காட்டியபடி அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு மெதுவாக ஓட்டிப் போகலாம். உண்மையான போக்குவரத்து அதிகாரி அபராதம் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லவும், எழுத்தில் சீட்டு கேட்கவும் பயணிக்கு உரிமை உண்டு. ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்க வேண்டாம். அது லஞ்சம், கொடுத்தவரும் குற்றவாளிதான்.

விபத்து நடந்துவிட்டால்? தென்னாப்பிரிக்காவில் கைபேசியிலிருந்து 112, காவல்துறைக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177. யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவு செய்து வழக்கு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் காப்பீட்டுக் கோரிக்கை நகராது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஆனால் தனியார் மருத்துவமனை பில் பின்னால் வரும், ஆகவே பயணக் காப்பீடு அவசியம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பெட்ரோல் விலையில் சேர்த்து வசூலிக்கும் வரியில் நடக்கும் சாலை விபத்து நிதியம், அந்நாட்டுச் சாலையில் இன்னொரு ஓட்டுநரின் தவறால் காயம்பட்ட வெளிநாட்டுப் பயணிக்கும் இழப்பீடு தரும். மோதியவர் அடையாளம் தெரிந்தால் 3 ஆண்டுகளுக்குள்ளும், தப்பி ஓடிவிட்டால் 2 ஆண்டுகளுக்குள்ளும் மனு செய்ய வேண்டும்.