மதியத்துக்கு மேல் கடலுக்குக் காது மந்தம்

அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் அவன் அறைக்குள் நுழைந்தால் ஒரே புழுக்கம். ஃபேன் நின்றிருந்தது. "கரண்ட் இருக்கேடா, ஏன் நிறுத்தி வெச்சிருக்க?" என்றேன். உதட்டில் விரல் வைத்து, "உஷ்... மாமா, மேல டெஸ்ட்ராயர் நிக்குது" என்றான்.

லேப்டாப் திரையில் கருநீலக் கடல். 2007-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'சைலன்ட் ஹன்ட்டர் 4'. இரண்டாம் உலகப் போர், பசிபிக் பெருங்கடல், அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றுக்கு நீங்கள் கேப்டன். ஜப்பானியச் சரக்குக் கப்பல்கள் கான்வாயாக வரும். சுற்றிலும் காவல் கப்பல்கள். அவற்றின் காதில் விழாமல் உள்ளே நுழைய வேண்டும். பையன் சத்தம் போடாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். ஓர் ஆழத்தில், "தெர்மல் லேயரைக் கடக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் ஒரு மாலுமியின் குரல். பையன் பெருமூச்சு விட்டு, எழுந்துபோய் ஃபேனைப் போட்டான்.

"இனிமே கேக்காது மாமா."

"ஏன் கேக்காது?"

"அதான் லேயர் வந்துடுச்சே."

"லேயர்னா?"

கொஞ்சம் யோசித்தான். "போர்வை மாதிரி."

இந்தக் கட்டுரை அந்தப் போர்வையைப் பற்றியது. அப்படி ஒரு போர்வை கடலில் கிடையாது. இருப்பது அதைவிட வேடிக்கையானது.

இந்த விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில், நீங்கள் தேர்ந்தெடுத்த கெடுபிடிகளைக் கூட்டி, யதார்த்தம் இத்தனை சதவீதம் என்று ஓர் எண் காட்டுவார்கள். பையன் வைத்திருப்பது 100. நூறு சதவீதம் என்று எழுதியிருக்கும் எதையும், நூறு சதவீதச் சுத்தமான நல்லெண்ணெயைப் பார்ப்பதுபோல முகர்ந்து பார்ப்பது என் வழக்கம். ஆனாலும் குறை மட்டும் சொல்லக் கூடாது. பல விஷயங்களை விளையாட்டு சரியாகவே செய்கிறது. நீர்மூழ்கி இரண்டு நாட் வேகத்தில் ஊர்ந்தால் அதன் புரொப்பெல்லர் இரைச்சல் அடங்குவது உண்மை. எதிரிக்கு விலாவைக் காட்டாமல் மூக்கையோ வாலையோ காட்டினால் எதிரொலி பல மடங்கு குறைவது உண்மை. காவல் கப்பலுக்குத் தன் புரொப்பெல்லர் சத்தத்தாலேயே பின்பக்கம் காது கேட்காது என்பதும் உண்மை. பையன் ஃபேனை நிறுத்தியதுகூட அசல்தான்: அந்தக் காலத்து அமெரிக்க நீர்மூழ்கிகளில் ஓசையடக்கி ஓட உத்தரவு வந்தால் காற்றோட்ட விசிறி, ஏசி, குளிர்பதனம் எல்லாமே நிற்கும். உள்ளே இருப்பவர்கள் வேர்த்து ஒழுகுவார்கள்.

இப்போது போர்வைக்கு வருவோம்.

கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். நீர் சூடானால் வேகம் கூடும். வெப்பக் கடல்களில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். அழுத்தம் கூடினாலும் வேகம் கூடும், ஆனால் 100 மீட்டர் இறங்கினால்தான் 1.7 மீட்டர் கூடுகிறது. ஆக, ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட 150 மீட்டருக்கு மேல் ஆழம் போக வேண்டும். கடலின் மேல்மட்டத்தில் ஒலிக்கு வழிசொல்வது முதலில் வெப்பம், அப்புறம்தான் ஆழம்.

ஆயிரத்து ஐந்நூறில் மூன்று என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் தோன்றாது. நுகத்தடியில் வலது மாடு துளி தளர்ந்தாலும் வண்டி வலப்பக்கமாக ஒடிக்கும். யாரும் கயிற்றை இழுக்க வேண்டியதில்லை. சுறுசுறுப்பான மாடு வெளிவட்டம் சுற்றுகிறது, சோம்பேறி உள்வட்டம் சுற்றுகிறது, வண்டி சோம்பேறியின் பக்கம் திரும்பிவிடுகிறது. ஒலியலையும் இப்படித்தான்: தான் மெதுவாகப் போகும் பக்கமாகவே வளையும்.

அந்த வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கடலுக்குள் இறக்குங்கள். செவலை மேலே, மயிலை கீழே. (மாடுகள் மன்னிக்கட்டும்.) காலையில் மேல்மட்ட நீர் முழுக்க ஒரே சூடு. இரண்டு மாடும் ஒரே நடை. காவல் கப்பலின் சோனார் விடும் 'பிங்' நேராகப் போய் நீர்மூழ்கியில் முட்டித் திரும்புகிறது. மதியம் வெயில் ஏறுகிறது. மேலே சில மீட்டர் நீர் மட்டும் ஒன்றிரண்டு டிகிரி சூடாகிறது. செவலைக்கு உற்சாகம் பிறக்கிறது. மயிலை குளிரில் நடக்கிறது. வண்டி மூக்கைக் கவிழ்த்துப் பாதாளம் பார்த்துப் போகிறது.

எவ்வளவு? பேனா பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மேல் 10 மீட்டருக்குள் ஒரு டிகிரி குறைகிறது, அதற்குக் கீழே ஒரே சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெல்லிய அடுக்கில் ஒலி வளையும் வட்டத்தின் ஆரம் 5 கிலோமீட்டர்; கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் கிடைமட்டமாகக் கிளம்பிய ஒலி சுமார் 300 மீட்டர் போவதற்குள் அந்த அடுக்கைத் தாண்டி, மூன்றரை டிகிரி சாய்ந்திருக்கும். அதன்பின் நேராகப் போனாலும், 2 கிலோமீட்டரில் 100 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிவிடும். சற்று மேல்நோக்கிக் கிளம்பிய ஒலிக்கும் பெரிதாகத் தப்பிக்க வழியில்லை, அதுவும் கவிழ்ந்துவிடும். பெரிஸ்கோப் ஆழத்தில் கிடக்கும் நீர்மூழ்கியின் வயிற்றுக்கு வெகு கீழே எல்லா வண்டியும் போய்விட்டன. நீர்மூழ்கி எதற்கும் பின்னால் ஒளியவில்லை. சாலை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

இது காகிதக் கணக்கல்ல. 1937-இல் கியூபாவின் குவாண்டனமோ வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படையின் 'செம்ஸ்' கப்பலில் சோனாரைச் சோதித்தார்கள். காலையில் நன்றாகக் கேட்ட கருவிக்கு மதியத்துக்கு மேல் காது அடைத்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபரேட்டர்கள் கண்ணயர்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்களாம். வூட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தின் கொலம்பஸ் ஐஸ்லின், 'அட்லாண்டிஸ்' கப்பலில் சென்று நீரின் வெப்பத்தை அளந்தபோது குற்றவாளி சிக்கியது. தூங்கியது ஆபரேட்டர் அல்ல, மயிலை. இதற்கு 'பிற்பகல் விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். உலகத்தில் சாப்பாட்டு மயக்கம் ஏதோ ஒன்றுக்கு மட்டுமாவது காரணமாக இல்லாமல் போனதில் எனக்குத் தனிப்பட்ட திருப்தி உண்டு.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் 1938-இல் இதை அளக்க ஒரு கருவி செய்தார்: பாத்திதெர்மோகிராஃப். குண்டு வடிவக் குழாயைக் கயிற்றில் கட்டிக் கடலில் விடுவார்கள். உள்ளே ஒரு முள், புகை படிந்த ஒரு கண்ணாடித் தகடு. வெப்பம் மாறினால் முள் நகரும், ஆழம் மாறினால் தகடு நகரும். மேலே இழுத்துப் பார்த்தால் கரியில் கீறிய ஒரு கோடு; எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு என்பதற்கான ஜாதகம். போரின்போது அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குள்ளும் இத்தகைய கருவி ஏறியது. இறங்க இறங்க அந்தக் கோடு எங்கே ஒடிகிறது என்று பார்த்துக் கேப்டன் தன் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

வரலாறு கேட்பவர்களுக்கு இதோ ஒரு பத்தி. இதற்கு மேல் கிடையாது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் யு-படகுகள் கான்வாய்க்குள் நுழைந்தது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, இரவில், நீர்ப்பரப்பின் மேலே. மேலே மிதக்கும் படகைச் சோனாரால் பிடிப்பது கடினம். அவை எந்த வழியாக உள்ளே புகுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க உதவியதே ஒரு விளையாட்டு. 1942 ஜனவரியில் லிவர்பூலின் டெர்பி ஹவுஸில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸும் கடற்படைப் பெண்கள் பிரிவினரும் தரையையே கடலாக்கிச் சாக்பீஸால் கோடு போட்டு ஆடினார்கள். படகு கான்வாயின் பின்பக்கமாக வரிசைக்குள் புகுந்து, சுட்டுவிட்டு மூழ்கிவிடுகிறது என்று புரிந்தது. அதற்கு எதிராக உருவான உத்திக்கு 'ராஸ்பெர்ரி' என்று பெயர்; ஹிட்லரை நோக்கி உதட்டைப் பிதுக்கி விடும் கேலி ஓசை அது. கிராஃபிக்ஸ் இல்லாத அந்த விளையாட்டுக்கு யாரும் யதார்த்தச் சதவீதம் போடவில்லை.

மாடுகளிடம் திரும்புவோம். திறந்த கடலில் காற்றும் அலையும் மேல் 40, 50 மீட்டரைக் கலக்கி ஒரே சூடாக்கி வைத்திருக்கும். அங்கே அழுத்தம் மட்டும் பேசும்: கீழே இருக்கும் மயிலைக்குத் துளி வேகம் அதிகம், வண்டி மேல்நோக்கித் திரும்பி, பரப்பில் முட்டி முட்டி அந்த அடுக்குக்குள்ளேயே ஓடும். அடுக்கின் அடியில் வெப்பம் சட்டென்று சரியும் இடத்துக்குத் தெர்மோக்ளைன் என்று பெயர். அதைத் தாண்டிய வண்டிகளில் மயிலை தளர்ந்துவிடும், வண்டி கீழே பாயும். ஒன்று மேலே, ஒன்று கீழே. சாலை பிரியும் அந்தக் கவட்டையில் சக்கரத் தடம் படாத ஒரு முக்கோண நிலம் இருக்கிறது. பையனின் நீர்மூழ்கி நிற்க வேண்டிய இடம் அதுதான்.

இங்கேதான் நூறு சதவீதம் இடறுகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரை, விளையாட்டில் லேயர் ஒரு கூரை: மேலே இருந்தால் கேட்கும், கீழே போனால் மங்கும். நிஜத்தில் அது தூரத்தையும் பொறுத்தது. காவல் கப்பல் தலைக்கு நேர் மேலே நின்றால் மாடுகளுக்குத் திரும்ப இடமே இல்லை, ஒலி செங்குத்தாக இறங்கிவிடும். வெயில் ஏறிய மதியத்தில் ஆழத்தைவிட, தொலைவில் மேலேயே கிடப்பது நல்ல ஒளிவிடமாகலாம். இரவில் புயல் கலக்கினால் காலையில் லேயர் வேறு ஆழத்தில் இருக்கும். நிழலும் முழு இருட்டல்ல. தடம் இல்லாத நிலத்திலும் ஆடு நடக்கும், அதுபோலச் சிதறிய ஒலி கொஞ்சம் கசியும்.

மறுபக்கத்து ஆரவாரமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடல் இனிக் கண்ணாடி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று தலைப்புச் செய்தி வரும். கம்ப்யூட்டர் வண்டித்தடத்தைக் கணக்கிடும், உண்மை. வராத வண்டியிலிருந்து சரக்கை இறக்குமா? அதனால்தான் கடற்படைகள் கணக்கோடு நிற்காமல், சோனாரையே கயிற்றில் கட்டி லேயருக்குக் கீழே இறக்கப் பழகின. போர்வைக்கு வெளியே நின்று உற்றுப் பார்க்காமல், உள்ளே கையை விட்டுத் துழாவும் வேலை.

இதையெல்லாம் மாடு, வண்டி சகிதம் பையனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டே, நீருக்குள் ஒலி கேட்கும் ஹைட்ரோஃபோனைத் திருப்பிக்கொண்டிருந்தான். நாலு பக்கமும் அமைதி. "போயிட்டாங்க மாமா" என்று மேலே கிளம்பினான்.

"வண்டி அவன்கிட்டேர்ந்து உன்கிட்ட வராத ரோட்டுல, உன்கிட்டேர்ந்து அவன்கிட்ட மட்டும் போகுமா? உனக்கும் கேக்காதுடா" என்றேன். அவன் காதில் விழவில்லை. ஃபேன் சத்தம்.

பெரிஸ்கோப் நீருக்கு மேலே வந்தது. திரை முழுக்க, இன்ஜினை நிறுத்திவிட்டு அசையாமல் நின்ற ஒரு காவல் கப்பலின் விலா.