வலைக்கூடத்தில் வளரும் எலுமிச்சைக் கன்றுகளின் இலைக் குறைகள்

எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா, நாரத்தை முதலிய எலுமிச்சை வர்க்க மரங்கள் ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் தொடர்ந்து பலன் தரக்கூடியவை. நெல்லிலோ கம்பிலோ விதை கெட்டதாயிருந்தால் நஷ்டம் ஒரு போகத்தோடு தீரும். இம்மரங்களிலோ, கெட்ட கன்றை நட்டவருக்கு உழவும் எருவும் நீரும் சில ஆண்டுகள் வீணான பின்னரே உண்மை தெரியவரும். அதற்குள் அந்நோய் பக்கத்து மரங்களுக்கும், பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியிருக்கவும் கூடும்.

கன்றின் நிலைமையை முதலில் வெளியிடுவது அதன் இலையே. இலை மஞ்சளித்தவுடன் உரத்தை அள்ளியிடுவதோ, மருந்தைத் தெளிப்பதோ பலருடைய வழக்கம். மஞ்சள் நிறத்திற்குக் காரணங்கள் பலவாகையால், காரணமறியாது செய்யும் பரிகாரம் பெரும்பாலும் பயனற்றுப் போகும். சில வேளைகளில் தீங்கும் செய்யும். எளிதில் தீரும் குறை எது, எவ்வகையாலும் தீராத நோய் எது என்று நாற்றங்காலிலேயே பிரித்தறிவது அவசியமாகும்.

கூடத்தினுள் வளர்ப்பதன் காரணம்

எலுமிச்சை வர்க்கச் செடிகளைக் கூரையின் கீழ் வளர்க்கும் வழக்கம் முதலில் குளிர்நாடுகளில் ஏற்பட்டது. பிரான்சு தேசத்தில் வெர்சேல்ஸ் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை கட்டப்பெற்ற ஆரஞ்சு மண்டபம் பெயர்பெற்றது. மரங்களைப் பெட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் அதனுள் வைத்துக் காப்பார்கள். பிற்காலத்தில் குளிருக்காக அன்றி, நோய்பரப்பும் பூச்சிகளைத் தடுப்பதற்காகவே கூடங்கள் வேண்டியவையாயின. பிரேசில் தேசத்தில் சாவோ பாலோ மாகாணத்தில் 2003ஆம் ஆண்டு முதலும், அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் 2008ஆம் ஆண்டு முதலும், விற்பனைக் கன்றுகளை வலையடைத்த கூடங்களிலேயே வளர்க்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அங்குலத்திற்கு 40 முதல் 50 கண்கள் கொண்ட பூச்சித் தடுப்பு வலையும், ஒன்றைச் சாத்திய பிறகே மற்றொன்றைத் திறக்கும்படி அமைந்த இரட்டைக் கதவும் இத்தகைய கூடத்திற்கு இலக்கணமாகும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பகைவரைத் தடுக்கும் வலை நண்பரையும் தடுத்துவிடும். வெட்டவெளியில் அசுவினியையும் செதில்பூச்சியையும் தின்று தீர்க்கும் பொறிவண்டு முதலியன கூடத்தினுள் வருவதில்லை. மழை இலையைக் கழுவுவதில்லை, காற்றோட்டமும் குறைவு. ஆகையால் தவறி உள்ளே புகுந்த ஒரு பூச்சி, தடையின்றிப் பெருகும். கூடத்திலுள்ள கன்றை வெளியிலுள்ள கன்றைவிட அடிக்கடி பார்வையிட வேண்டும்.

முதலில் நோக்கவேண்டியவை

குறை கண்ட கன்றைக் கையிலெடுத்து மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, குறை அடியிலுள்ள முற்றிய இலைகளில் தோன்றியதா, நுனியிலுள்ள கொழுந்துகளில் தோன்றியதா என்பது. தழைச்சத்தும் மக்னீசியமும் குறையும்போது செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து இழுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். ஆகவே முற்றிய இலைகளே முதலில் வெளுக்கும். இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் அவ்வாறு எளிதில் இடம்பெயர்வதில்லை; ஆகவே கொழுந்துகளே முதலில் குறியைக் காட்டும். இரண்டாவது, இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் குறி ஒத்திருக்கிறதா என்பது. ஒத்திருப்பின் பெரும்பாலும் சத்துக்குறைவு. ஒவ்வாதிருப்பின் கொடிய நோயோ என்று ஐயுறவேண்டும். மூன்றாவது, எல்லாக் கன்றுகளும் ஒருசேர வாடியுள்ளனவா, அங்கொன்றும் இங்கொன்றுமாகவா என்பது. ஒருசேர வாடியிருப்பின் நீர், மண், வெளிச்சம் ஆகியவற்றையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்வர்க்கத்தின் இலை ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை மட்டும் செடியில் நிற்பது. ஆகவே அடியிலுள்ள ஓரிரு பழைய இலைகள் மஞ்சளித்து உதிர்வது இயற்கையே. அதனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை.

நீரும் வெளிச்சமும்

கூடத்துக் கன்றுகளுக்கு நேரும் குறைகளில் மிகுதியானவை நீரின் மிகுதியால் வருவனவே. வெயிலும் காற்றும் குறைந்த இடத்தில் மண் விரைவில் உலராது. வெளியிலுள்ள கன்றுக்கு விடும் அளவையே இங்கும் விட்டால் வேர் மூச்சடைத்து அழுகும். அப்போது நடுநரம்பும் பெரிய நரம்புகளும் மஞ்சளித்து, இடையிலுள்ள பகுதி சில நாள் பச்சையாகவே இருக்கும். பின்னர் இலை உதிரும். ஈரமான மண்ணிலேயே கன்று வாடிநிற்பது இதன் மற்றோர் அடையாளம். வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் விடுவோர் கன்றைக் கொன்றவராவர். பையிலுள்ள மண்ணில் விரலை இரண்டு அங்குலம் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடவேண்டும். பையின் அடியில் துளைகள் அடைபடாதிருத்தல் அவசியம். களிமண்ணை மட்டும் நிரப்பாது, செம்மண், மணல், நன்கு மக்கிய தொழு உரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்புவது நலம்.

உவர் நீரை விட்டு வந்தால் முற்றிய இலைகளின் நுனி முதலில் தீய்ந்து, அத்தீய்வு ஓரங்களில் இறங்கும். உரத்தை அளவுக்கு மீறி இட்டாலும் இதே குறி தோன்றும். நல்ல நீர் கிடைக்குமாயின், பையின் அடியில் வழியும்வரை ஓரிரு முறை விட்டு உப்பைக் கழுவலாம்.

வெளிச்சம் போதாவிட்டால் கணுக்கள் நீண்டு, இலைகள் அகன்று மெலிந்து வெளிறிய பச்சையாகும். அத்தகைய கன்று உயரமாய்த் தோன்றினும் வலுவற்றது. அதனைத் திடீரென்று வெயிலில் வைத்தால் இலைகள் வெந்து வெளுத்து உதிரும். குளிர்நாடுகளில் சன்னலோரம் வைக்கும் தொட்டிச் செடிகள் குளிர்காலத்தில் இலையுதிர்வதற்குக் காரணம் வேறு. இலையில் வெயில் படுவதால் நீர் ஆவியாகிக்கொண்டிருக்க, குளிர்ந்த மண்ணிலுள்ள வேர் அதற்கு ஈடாக நீரை உறிஞ்ச முடிவதில்லை.

சத்துக்குறைவு

தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைகளில் தொடங்கிக் கன்று முழுவதும் ஒரே சீராக வெளிறும். மக்னீசியம் குறைந்தால் முற்றிய இலையின் இருபுறமும் மஞ்சளித்து, காம்பை ஒட்டிய பகுதி மட்டும் ஆப்பு வடிவில் பச்சையாக நிற்கும்.

துத்தநாகக் குறைவே எலுமிச்சை வர்க்கத்தில் மிகப் பரவலானது. புதிய இலைகள் சிறுத்து, குறுகி, கூர்மையாகி, மேல்நோக்கி நிற்கும். நரம்பை ஒட்டிப் பச்சையும் இடையில் பளிச்சென்ற மஞ்சளும் காணப்படும். கணுக்கள் நெருங்கி இலைகள் கொத்தாகத் தோன்றும். லிட்டர் நீருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம் வீதம் கரைத்து, அதனுடன் பாதியளவு நீர்த்த சுண்ணாம்பைச் சேர்த்து வடிகட்டி, புதுத்தளிர் விரிந்ததும் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்ப்பது தளிர் தீயாதிருக்கும் பொருட்டு.

இரும்புச்சத்துக் குறைந்தால் கொழுந்தின் அளவு குறையாது. ஆனால் வெளிறிய இலைமேல் பச்சை நரம்புகள் மட்டும் வலைபோல் தெளிவாய்த் தெரியும். மண்ணில் இரும்பு இல்லாமையன்று, சுண்ணாம்பும் ஓயாத ஈரமும் அதனை வேருக்கு எட்டாமற் செய்வதே பெரும்பாலும் காரணம். ஆகவே முதலில் நீரைக் குறைத்து வடிகாலைச் சீர்செய்து, அதன் பின்னரே லிட்டருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதிக் கரைசலைத் தெளிக்கலாம்.

பூச்சிகள்

கொழுந்திலையின் அடிப்புறத்தில் வெள்ளிக் கம்பிபோல் வளைந்து வளைந்து கோடுகள் காணப்பட்டு இலை சுருளுமாயின், அது இலைத்துளைப்பான் புழுவின் வேலை. இப்புழு இலைத்தோலுக்கு உள்ளே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. முற்றிய இலையை இது தாக்குவதுமில்லை. தளிர் விடும் காலத்தில் வேப்பங்கொட்டைத் தூள் லிட்டருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவைத்து வடித்த சாற்றைச் சிறிது சோப்புக் கரைசலுடன் தெளித்தால் முட்டையிடுவது குறையும்.

இளம்பருவத்தில் பறவை எச்சம்போலவும், வளர்ந்தபின் பச்சையாகவும் தோன்றும் புழு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியினுடையது. இரண்டொரு புழுக்களே ஒரு சிறு கன்றை மொட்டையாக்கவல்லன. கையால் பொறுக்கி அழிப்பதே போதுமானது.

இலையின் மேற்புறம் சாம்பல் பூத்ததுபோல் நுண்ணிய வெண்புள்ளிகள் நிறைந்திருந்தால் சிலந்திப் பேன் என்று கொள்க. வறண்ட வெப்பமான கூடங்களில் இது பெருகும். இலைகளை நீரால் பீச்சிக் கழுவினால் பெரிதும் குறையும். நனையும் கந்தகம் தெளிப்பதாயின் கடும் வெயிலில் தெளிக்கலாகாது. எண்ணெய் தெளித்த சில வாரங்களுக்குள்ளும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும்.

இலையில் கரி பூசியதுபோல் கரும்பூசணம் படர்ந்திருந்தால் குற்றம் பூசணத்தினுடையதன்று. செதில்பூச்சி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி ஆகியவை சுரக்கும் தேன்போன்ற நீரின்மேல் அது வளர்கிறது. பூச்சியை ஒழித்தால் பூசணமும் ஒழியும்.

சொறி நோய்

இலையின் இருபுறமும் தக்கைபோல் மேலெழும்பிய பழுப்புப் புள்ளிகளும், அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையமும் காணின் சொறி நோயென்று அறியலாம். இது பாக்டீரியாவால் வருவது. எலுமிச்சையை மிகுதியாகவும் கமலாவைக் குறைவாகவும் தாக்கும். இந்தியாவில் 1827 முதல் 1831 வரையில் சேகரித்து இங்கிலாந்தில் கியூ தாவரத் தோட்டத்தில் வைக்கப்பட்ட உலர்ந்த இலைகளிலும் இச்சொறி காணப்பட்டதால், இது இந்நாட்டிற்குப் பழமையானதென்பது தெளிவு. தெறிக்கும் நீரே இதனைப் பரப்புகிறது. இலைத்துளைப்பான் செய்த புண் அதற்கு வாயிலாகிறது. ஆகையால் பூவாளியால் இலைமேல் நீர் தெளிக்காது அடியில் விடுவதும், இலைகள் ஈரமாயிருக்கும்போது கன்றுகளைத் தொடாதிருப்பதும் முக்கியமானவை. சொறி கண்ட கன்றுகளைப் பிரித்தெடுத்து எரித்துவிட்டு, மற்றவற்றிற்கு 1 சத போர்டோக் கலவையைத் தெளிக்க வேண்டும். 10 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் என்பது அளவு. இரும்புப் பாத்திரம் கூடாது. கலவையில் தீட்டிய கத்தியைச் சற்று நேரம் வைத்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவேண்டும்.

தீராத நோய்கள்

மேற்கூறியவற்றைவிடப் பன்மடங்கு கவலைக்குரியவை இரண்டு. முதலாவது ‘கிரீனிங்’ என்று வழங்கும் நோய். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாய்க் கலந்து, நடுநரம்பின் ஒருபுறத்திற்கும் மறுபுறத்திற்கும் ஒவ்வாதிருக்கும். துத்தநாகக் குறைவென்று இதனை மயங்குவோர் பலர். துத்தநாகம் தெளித்தபின் புதிதாய் விடும் தளிர்கள் பச்சையாயின் அது சத்துக்குறைவு; திட்டுகள் மாறாது நின்றால் இந்நோயோ என்று சோதிக்கவேண்டும். இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவைச் சைலா என்னும் மிகச் சிறிய பூச்சி பரப்புகிறது. அது தலையைத் தாழ்த்தி வாலை உயர்த்தித் தளிரில் சாய்ந்து உட்காரும். நோயுற்ற மரத்தின் கிளையிலிருந்து எடுக்கும் மொட்டின் வழியாகவும் நோய் வரும். கறிவேப்பிலையிலும் சைலா பெருகுவதால், எலுமிச்சை நாற்றங்காலின் அருகில் கறிவேப்பிலை வளர்ப்பது தகாது.

இரண்டாவது டிரிஸ்டீசா என்னும் வைரஸ் நோய். போர்த்துகேய மொழியில் இச்சொல்லுக்குத் துயரம் என்று பொருள். இதனைக் கறுப்பு அசுவினி பரப்புவதை 1946ஆம் ஆண்டில் பிரேசிலில் மெனெகினி என்பவர் நிரூபித்தார். எலுமிச்சைக் கன்றின் இளந்தளிரை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நரம்புகளில் துண்டு துண்டாகக் கண்ணாடிபோல் தெளிந்த கோடுகள் தெரியும்.

இவ்விரண்டிற்கும் கன்றைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. உரமிட்டுத் தேற்றிய கன்று சில காலம் பசுமையாய்த் தோன்றினும், நோய் உள்ளேயே இருந்து பிறவற்றிற்குப் பரவும். ஆகவே நோய் உறுதியான கன்றை வேரோடு பிடுங்கி எரிப்பதே சிக்கனம். டிரிஸ்டீசா விதைவழிப் பரவுவதில்லை. 1970களில் அமெரிக்காவில் உருவான நுண்குருத்து ஒட்டு முறையில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குருத்து நுனியை ஆய்வுச்சாலையில் ஒட்டி, நோயற்ற தாய்மரங்களைப் பெறுகிறார்கள். அத்தகைய தாய்மரங்களிலிருந்து மொட்டெடுத்த கன்றுகளையே நாடுதல் வேண்டும்.

வாங்குவோரும் நடுவோரும் அறியவேண்டியவை

கன்று வாங்குமுன் நாற்றங்காலை நேரில் கண்டு, வலை கிழிந்துள்ளதா, கதவு இரட்டையா, தாய்மரம் எது என்பவற்றை விசாரிக்க வேண்டும். ஒரே நிற இலைகளும், பென்சில் பருமனுள்ள தண்டும், வெண்ணிற வேர்நுனிகளும் நல்ல கன்றின் அடையாளங்கள். மலிவென்று சந்தையில் வாங்கும் ஊர்பேர் தெரியாத கன்று பின்னால் விலையுயர்ந்ததாகிவிடும். கூடத்திலிருந்து எடுத்த கன்றை உடனே நடாமல், முதலில் காலை வெயிலிலும், பிறகு படிப்படியாக நாள் முழுவதும் வெயிலிலுமாக இரண்டு வாரம் பழக்கியபின் நடவேண்டும்.

கிராம அலுவலர்கள் தங்கள் எல்லையில் எலுமிச்சைத் தோட்டங்கள் புதிதாய்த் தோன்றும்போது இவ்விஷயங்களைக் குடியானவர்களுக்கு எடுத்துக் கூறுவது பெரிதும் உதவியாகும். ஐயத்திற்கிடமான கன்று காணின், அதன் கிளையை வெட்டி ஊரூராய் எடுத்துச் சென்று காட்டாமல், வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை வரவழைத்து அவ்விடத்திலேயே காட்டுதல் நலம். ஒரு தோட்டத்தில் தயங்கி வைத்திருந்த கன்று, அடுத்தவர் தோட்டத்துக்கும் கேடாகும்.