அஞ்சும் குதிரைக்கு அன்பே வழி

திருவிழா நெருங்கும்போதெல்லாம் அன்பர்கள் சிலர், "ஐயா, ஊர்வலத்தின் முன்னே ஒரு குதிரை நடந்து வந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்!" என்று என்னிடம் சொல்வதுண்டு. அழகுதான். ஆனால் அந்தக் குதிரை சாலைக்குப் பழகியதா என்பதே முதற்கேள்வி. கூலாய் வட்டாரத்தில் பல ஆண்டுகள் குதிரை லாயத்தில் பணியாற்றியவன் என்ற முறையில், அறிந்ததை எழுதுகிறேன்.

ஜொகூருக்குக் குதிரை புதிதல்ல. 2024 ஜனவரி 31-இல் மாமன்னராகப் பொறுப்பேற்ற நம் சுல்தான் இப்ராஹிம் அவர்களே போலோ ஆட்டத்தில் பெயர் பெற்றவர். ஆயினும் மைதானம் வேறு, சாலை வேறு.

குதிரை, கொடிய விலங்குகளிடமிருந்து ஓடித் தப்பிப் பிழைத்த இனம். தலையின் இருபுறமும் கண்கள் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். நேர் பின்புறம் தெரியாது. அங்கிருந்து சீறி வரும் மோட்டார் சைக்கிளின் ஓசை முதலில் காதுக்கு எட்டும். உருவம் பிறகே தெரியும். அதனால்தான் மிரள்கிறது. அது பிடிவாதம் அன்று, அச்சம்.

இதை நான் ஒரு தவற்றினால் கற்றேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரியைக் கண்டு மிரண்ட இளங்குதிரையைப் பிரம்பால் அடித்துவிட்டேன். மறுநாள் லோரிச் சத்தம் கேட்டதுமே அது நடுங்கியது. லோரி வந்தால் அடி விழும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது! மூத்த பணியாளர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார்: "நளனுக்குக் குதிரையின் மனம் தெரிந்திருந்தது. உனக்குப் பிரம்பு மட்டுந்தான் தெரிகிறது."

அவர் காட்டிய முறை எளியது. சாலை தெரியும் தொலைவில், வேலிக்குள் குதிரையை மேயவிட வேண்டும். தலையைத் தாழ்த்தி அமைதியாக மென்றால், சில நாள் கழித்துச் சற்று அருகே கொண்டு போகலாம். காதுகள் விறைத்து உடல் இறுகினால் பின்வாங்க வேண்டும். சாலையில் இறங்கும்போது பழகிய முதிய குதிரை ஒன்று வாகனம் செல்லும் பக்கமாக உடன் நடக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரை பாய்ந்தால் ஆளையும் இழுத்துச் செல்லும். மாதங்கள் கழித்து, அதே இளங்குதிரை லோரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் நடந்தது. எனக்குக் கண் கலங்கியது.

ஆனால் லோரிக்குப் பழகிய குதிரை, தவிலுக்கும் பட்டாசுக்கும் பழகியதாகாது. அவற்றையும் தனித்தனியே பழக்க வேண்டும். ஊர்வல வீதியில் குழந்தைகள் நிற்கிறார்கள். எனவே அன்பர்களே, பழகாத குதிரையை லாயத்திலேயே விடுவதும் ஒரு திருப்பணிதான். சுவாமி எழுந்தருள நம்மிடம் மரக்குதிரை வாகனம் இருக்கிறது. அது எதற்கும் மிரளாது.