கையில் காயமா? திட்டாதீர்கள்... கேளுங்கள்!

கம்பம், கூடலூர் பக்கம் விடியும் முன்பே ஜீப் ஏறி கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளைகளிடம் பேசுவதே இரவில்தான். வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளையின் கையில் காயத்தைப் பார்த்தால், முதலில் கோபம்தான் வரும்.

அது திமிரோ நாடகமோ அல்ல. தாங்க முடியாத வேதனையின் வெளிப்பாடு. தற்கொலை எண்ணம் இல்லாமலும் நடக்கலாம். ஆனாலும் அலட்சியம் கூடாது.

'ஏன் இப்படிப் பண்ணே?' என்று அதட்டாமல், 'ரொம்பக் கஷ்டமா இருக்கா? சொல்லுப்பா' என்று கேளுங்கள். காயத்துக்கு மருந்து போடுங்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள்.

தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 (டெலி மானஸ்), 104 எண்களில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.