ஏற முடியாதவர்களுக்கும் மலை உண்டு

தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று அடுத்தடுத்து வரும் ஊர்களுக்கெல்லாம் மேற்கு எல்லை மலைதான். மொட்டை மாடியில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனாலும் மூட்டு தேய்ந்த பாட்டிக்கும், பக்கவாதத்துக்குப் பிறகு கோலூன்றி நடப்பவருக்கும், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கும் அது எட்டாத இடம். குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக வேனில் வந்து இறங்குகிறார்கள். வயதானவர்கள் பலர் வேனிலேயே உட்கார்ந்து துணிப்பைகளுக்குக் காவல் இருக்கிறார்கள். இது மலையின் இயல்பால் வந்த விதி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. மலையைக் குடைந்து சாலை போடாமலே, உச்சியைத் தொடாமலே, எல்லோரும் நடக்கக்கூடிய பாதைகளை இந்த அடிவாரத்தில் அமைக்க முடியும். அதற்கு வேண்டியவற்றில் பெரும்பங்கு ஏற்கெனவே இங்கே இருக்கிறது.

இப்போது இருக்கும் ஏற்பாட்டை முதலில் பார்க்கலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையப் பதிவு முறையில் திறந்தது. காட்டை அறிந்த பழங்குடி இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். இது நல்ல காரியம், தயக்கமில்லாமல் பாராட்டலாம். ஆனால் பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று ஒற்றைச் சொல்லால் பிரித்திருப்பது போதாது. எளிது என்றால் யாருக்கு எளிது? குற்றாலம் பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவிக்குப் போகும் வழி நீளத்தில் சிறியது. இளைஞர்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். அதே வழியில் சாரல் நனைத்த பாறையும் ஒழுங்கில்லாத படியும் வருகின்றன. மூச்சு வாங்காத, ஆனால் கால் தடுமாறுகிற ஒருவருக்கு அது கடினம். கால் உறுதியாக இருந்தும் இதயம் பலவீனமானவருக்கு வேறு விதத்தில் கடினம்.

பிரான்சில் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல விடை கண்டிருக்கிறார்கள். அந்நாட்டு நடைப்பயணக் கூட்டமைப்பு ஒரு பாதையை மூன்று தனித்தனி அளவுகளால் மதிப்பிடுகிறது: எவ்வளவு உழைப்பு வேண்டும், தரை எவ்வளவு கரடுமுரடு, விழுந்தால் எவ்வளவு ஆபத்து. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிநிலைகள். இந்த மூன்றையும் பார்த்தால் எந்தப் பாதை தனக்கு ஆகும் என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். கேட்டில் நிற்கும் காவலர் ஆளைப் பார்த்து முடிவு செய்யத் தேவையில்லை. ஆல்ப்ஸ் மலையில் மனிதரால் இழுக்கப்படும் ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஜோயலெட் என்று பெயர். ஜோயல் குளோடெல் என்ற மலை வழிகாட்டி, தசைநோயால் நடக்க இயலாத, தன் உடன்பிறந்தவரின் மகனுக்காக 1987-ல் இதை உருவாக்கினார். முன்னால் ஒருவர் இரண்டு கைப்பிடிகளுக்கிடையே நின்று இழுக்கிறார். பின்னால் ஒருவர் சாயாமல் பிடித்துச் சமன் செய்கிறார். எடை முழுவதும் நடுவிலுள்ள ஒரே சக்கரத்தின்மேல் இறங்குவதால், ஓராள் நடக்கும் அகலமுள்ள ஒற்றையடிப் பாதை போதும்.

நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. சபரிமலைக்கும் சதுரகிரிக்கும் நடக்க முடியாதவர்கள் டோலியில் போகிறார்கள். பழனியில் விஞ்ச் ரயிலும் ரோப் காரும் ஓடுகின்றன. சோளிங்கரிலும் 2024-ல் ரோப் கார் வந்தது. பக்திக்கு என்று வரும்போது மலை எல்லோருக்கும் உரியது என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. காற்றுக்காகவும் மரத்துக்காகவும் பறவைக்காகவும் ஒருவர் போக விரும்பினால் மட்டும், “உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்” என்கிறோம்.

எல்லோருக்குமான பாதைக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம் நமக்கு வாய்த்திருக்கும் பெரிய சொத்து குளத்துக் கரைகள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை மறித்து, ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போகும்படி முன்னோர் குளங்களை வெட்டி வைத்தார்கள். குளத்துக் கரையின் மேல்மட்டம் நெடுகிலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தால் தண்ணீர் அங்கே உடைத்துக்கொண்டு போய்விடும். அதாவது, நீரைக் காக்கும் கணக்கே சக்கர நாற்காலிக்கு வேண்டிய சமதளத்தையும் தந்துவிட்டது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலும் எலுமிச்சைத் தோப்பும், எதிரே மலை. இதற்குமேல் என்ன காட்சி வேண்டும்? குறை இரண்டு இடங்களில்தான். சாலையிலிருந்து கரைமேல் ஏறும் சரிவு செங்குத்தாக இருக்கும். 12 அடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்ற அளவில் அதை நீட்டிச் சரித்தால் சக்கரம் ஏறும். அடுத்தது மறுகால். குளம் நிறைந்தால் மிகுதி நீர் வெளியேறும் அந்த இடத்தில் கரை அறுபட்டுக் கல்தளம் தாழ்ந்து இறங்கும்; நடப்பவர் குதித்துக் கடந்துவிடுவார், சக்கரம் நின்றுவிடும். நீரோட்டத்தைத் தடுக்காமல் ஒரு சிறு பாலம் போட்டால் வழி இணைந்துவிடும். மடையின் அருகே உட்கார ஒரு திண்ணை, கரையோரம் கோலால் தொட்டறிய ஒரு சிறு வரம்பு, எவ்வளவு தூரத்தில் நிழல் இருக்கிறது என்று பெரிய எழுத்திலும் பிரெயிலிலும் ஒரு பலகை. கான்கிரீட் தேவையே இல்லை. இறுகிய சரளை மண் போதும்.

காட்டை நேசிப்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், அது நியாயமும்கூட. இந்த மலைகளின் பெரும்பகுதி 2015-ல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் ஆனது. வழி திறந்தால் பிளாஸ்டிக்கும் கூச்சலும் உள்ளே போகும் என்பது குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எல்லோருக்குமான பாதை என்பது சரணாலயத்துக்கு வெளியே, ஏற்கெனவே மனிதர் நடமாடும் நிலத்தில் அமைகிற பாதை. உள்ளே போவதைவிட அதிக அனுபவம் அடிவாரத்திலேயே கிடைத்தால் காட்டின்மீதுள்ள நெருக்கடி குறையும் என்றே நான் கருதுகிறேன். யானை விஷயம் இதைவிடக் கடினமானது. மலையடிவாரத் தென்னந்தோப்புகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் யானைகள் வருகின்றன; ஓட முடியாதவரை அங்கே அழைத்துப் போவது சரியா? காலை வெயில் ஏறியபின் திறந்து மாலைக்கு முன் மூடுவதும், யானை நடமாட்டம் தெரிந்த நாளில் திறக்காமலே இருப்பதும்தான் இதற்கு வழி. மலையை ஒட்டிய குளங்களை விட்டு, ஊரை ஒட்டிய குளங்களில் தொடங்குவது இன்னும் நல்லது.

வெள்ளத்தைப் பற்றிய அச்சமும் உண்மையானதே. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மேலே பெய்த மழை கீழே தெரியாது. திடமான இளைஞருக்கே தப்ப நேரமில்லாத இடத்தில் முதியவரை நிறுத்தக் கூடாது. அதனால்தான் அருவிக்கரையை இந்தத் திட்டத்தின் மையமாக வைக்கக் கூடாது என்கிறேன். பிரெஞ்சு முறையில் ஆபத்துக்கென்று தனி அளவு வைத்திருப்பதன் பயனும் இதுதான். நடக்க எளிதான அருவிப் பாதை, ஆபத்து வரிசையில் மேலே போய் நிற்கும்.

ஆஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் சாய்தளம் இல்லாத ஊரில் நடைபாதைக்குச் செலவா என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்றைக் கொடுக்காததை மற்றொன்றை மறுக்கக் காரணமாக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கையும் உரிமைகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் கட்டித் திறந்துவிட்டால் போதாது. சென்னை மெரினாவில் கடலருகே சக்கர நாற்காலி போக 263 மீட்டர் மரப்பாதை 2022 நவம்பர் 27-ல் திறக்கப்பட்டது. முதல் நாள் அலை தொட்டவர்களின் மகிழ்ச்சியை நாடே பார்த்தது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். குளத்துக் கரைக்குப் புயல் வர வேண்டியதில்லை. ஒரு ஐப்பசி மழையும் அதன்பின் முளைக்கும் சீமைக்கருவேலமும் போதும் பாதையை அழிக்க. ஆகவே ஆண்டுதோறும் பராமரிக்கும் கூலி முதல் நாள் கணக்கிலேயே இருக்க வேண்டும். வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணையில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. ஜோயலெட் போன்ற நாற்காலியை இழுக்கவும், பறவையையும் மரத்தையும் பெயர் சொல்லிக் காட்டவும் அவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்? கூலி நியாயமாக இருந்தால் அது வேலைவாய்ப்பும்கூட.

முன்னோட்டத்துக்கு ஒரே ஒரு குளம் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குளம் நிறைந்து, நீர்ப்பறவைகள் இறங்கியிருக்கும் தை மாதத்தில், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் வனத்துறையும் நீர்வளத்துறையும் சேர்ந்து அந்தக் கரையை அளக்கலாம். அளக்கும் குழுவில் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரும், பார்வையற்றவர் ஒருவரும், எழுபது வயது தாண்டிய ஒருவரும் இருக்க வேண்டும். எங்கே சரிவு, எங்கே திண்ணை, எங்கே பாலம் என்பதை அவர்கள் சொல்லிய பிறகு பொறியாளர் வரைபடம் போடட்டும்.